பகிர்தலும் பதிவும்: இணையத்தில் நாம் இடுவன குறித்துச் சில எண்ணங்கள்

'பகு' என்னும் அடியிலிருந்து பிறந்தது பகிர்தல் என்னும் சொல். பகுத்து உண்ணும் ஊணைப் பாத்தூண் என்றனர் நம் முன்னோர். ஊணைப் பகிர்ந்தால் கொடுத்தவர் பங்கு குறையும். குறையும் என்று அறிந்தே கொடுப்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது. இணையத்தில் நிகழும் பகிர்தல் வேறு இயல்பினது. நாம் கண்டெடுத்த நல்லதொரு வலைத்தளத்தின் முகவரியையோ, பயன் தந்த ஒரு மென்பொருளையோ, நாமே எடுத்த நிழற்படத்தையோ ஆயிரம் பேருக்கு அனுப்பினும் நம்மிடம் உள்ளது உள்ளபடியே இருக்கும். கொடுப்பவருக்கு இழப்பில்லாத கொடை ஆகையால் எண்ணிப் பாராமல் கொடுக்கும் பழக்கமும் உடன் வந்து சேர்ந்தது. அதனால் பெறுபவர்க்கும் பின் வருவோர்க்கும் நேரும் இழப்பு யாது என்பதை மாணவர்கள் பொருட்டு இங்கே ஆராயலாம்.

முதலில் முகவரிகளைப் பகிர்வது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த வைய விரிவு வலை, ஓர் ஆவணத்திலிருந்து மற்றோர் ஆவணத்திற்கு வழி காட்டும் இணைப்புகளால் ஆனது. 1993 ஏப்ரலில் செர்ன் நிலையம் அதன் நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்போர், தாம் விரும்பிக் கண்ட தளங்களைப் பொருள்வாரியாகப் பட்டியலிட்டு வைத்தனர். அப்பட்டியலே யாஹூ நிறுவனமாக வளர்ந்தது. 'நான் கண்டது, நீயும் காண்' என்னும் எளிய விருப்பம் அவ்வளவு தூரம் சென்றது.

ஆயினும் முகவரி வேறு, பொருள் வேறு. வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தோம் என்பதற்காக வீடு இடியாமல் நிற்பதில்லை. 1994இல் தொடங்கப்பெற்ற ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில் உலகெங்கும் எளிய மக்கள் கட்டணமின்றித் தம் பக்கங்களை அமைத்தனர். தமிழர் அமைத்த பக்கங்களும் அவற்றுள் உண்டு. 1999இல் யாஹூ அதனை விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. தன்னார்வலர் சிலரும் 1996இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகமும் முயன்று ஒரு பகுதியைப் படியெடுத்துக் காத்தனர். எஞ்சியவற்றுக்கு இட்ட இணைப்புகள் எல்லாம் இன்று வெற்று முகவரிகள். எனவே நல்ல பக்கம் ஒன்றைக் கண்டு பிறர்க்கு அனுப்பும் மாணவர், தலைப்பு, எழுதியவர் பெயர், தாம் பார்த்த நாள் ஆகியவற்றை ஒரு வரியில் உடன் எழுதுவாராக. அக்காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' பகுதியில் அம்முகவரியை இட்டால் அன்றைய பக்கம் அங்கே படியாகச் சேமிக்கப்படும்; இதற்கு ஒரு நிமிடம் போதும்.

மென்பொருளைப் பகிர்ந்த வரலாற்றில் தமிழுக்குத் தனியிடம் உண்டு. 1990களில் கணிப்பொறியில் தமிழ் எழுத விரும்பியவர் முதலில் எழுத்துருவைத் தேட வேண்டியிருந்தது. ஓர் எழுத்துருவில் 'க' இருந்த இடத்தில் மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்து இருக்கும். அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெற்றவரிடம் இல்லையெனில் மடல் முழுவதும் பொருளற்ற குறிகளாகக் காட்சியளிக்கும். அந்நிலையில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். கடல் கடந்து வாழ்ந்தோர் பலர் இவ்வெழுத்துருக்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டே தமிழில் உரையாடத் தொடங்கினர். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலர் தட்டச்சிட்ட தமிழ் நூல்களை இணையத்தில் எவரும் படிக்க வைத்தது. இன்று நம் மாணவர் சங்க இலக்கியத்தைக் கைப்பேசியில் திறந்து படிக்கின்றனர் என்றால், அதன் பின்னே பெயர் வெளித்தெரியாத பலரின் கைவிரல் உழைப்பு உள்ளது.

இவ்வரலாற்றில் ஒரு பாடம் பொதிந்துள்ளது. ஒருங்குறி 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளித்தது எனினும், அது பரவலாக வழக்கிற்கு வர 2000ஆம் ஆண்டிற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டவை எத்தனையோ! எத்துறையிலும் பழைய கணிப்பொறி ஒன்றைத் திறந்து பார்த்தால் ஆய்வேடுகளும் ஆண்டு மலர்களும் படிக்க இயலாத குறிகளாய்க் கிடக்கும். எந்த எழுத்துருவில் அமைந்தது என்னும் ஒரு குறிப்பு இருந்தால் போதும். குறிமாற்றும் மென்பொருள் கொண்டு சில நொடிகளில் ஒருங்குறிக்கு மாற்றலாம். அக்குறிப்பு இல்லையேல் ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

இலவசம் என்னும் சொல்லையும் சற்றே பிரித்து அறிய வேண்டும். கட்டணமின்றிக் கிடைப்பது ஒன்று. ஆக்கியவரே படியெடுக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இசைவு தந்த கட்டற்ற மென்பொருள் மற்றொன்று. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இரண்டாம் வகையின. பூட்டை உடைத்த மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுவந்து விடுதி முழுவதும் 'பகிரும்' வழக்கம் இவ்விரண்டிலும் சேராது. அதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு, மாணவர்கள் அறிவர்.

இனி நிழற்படம். நாம் மிகுதியாகப் பகிர்வதும் மிகக் குறைவாகச் சிந்திப்பதும் இதுவே. நம் பாட்டனார் காலத்து ஸ்டுடியோ படங்களைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் கடையின் முத்திரை இருக்கும். மையால் எழுதிய நாளும் பெயர்களும் சிலவற்றில் இருக்கும். கைப்பேசிப் படத்திற்கும் அத்தகைய பின்புறம் உண்டு. எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர் ஆகியன படக்கோப்பினுள்ளேயே பதிவாகின்றன. இடங்காட்டும் வசதியைத் திறந்து வைத்திருந்தால் எடுத்த இடமும் பதிவாகும். வாட்ஸ்அப் வழியே வழக்கமான முறையில் படத்தை அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. உள்ளிருந்த குறிப்புகளும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு உள்ளவாறே செல்லும். இரண்டிற்கும் இடமறிந்து பயன் கொள்ள வேண்டும். கல்வெட்டின் படம் என்றால் நாளும் இடமும் உடன் போக வேண்டும். வீட்டு முற்றத்தில் விளையாடும் குழந்தையின் படம் என்றால் அவை போகலாகாது. பிறர் முகம் உள்ள படம் நம்மிடம் தரப்பட்ட அடைக்கலப் பொருள், நம் மக்கள் வழக்கில் அமானிதம். திருமண வீட்டில் எடுத்த படத்தை அதில் உள்ளவரைக் கேளாமல் ஊரறிய இடுவது அவ்வழக்கிற்கு ஒவ்வாது.

சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். பழைய கையெழுத்து ஏடு ஒன்றின் பக்கம். அரபுத் தமிழில் எழுதப்பட்டது. அரபு எழுத்துக்களுடன், அம்மொழியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து, வலமிருந்து இடமாகத் தமிழை எழுதிய முறை அது. படம் உறவினர் குழு ஒன்றிலிருந்து வந்தது. அதற்கு முன் வேறொரு குழுவிலிருந்து. எந்த ஊர், யார் வீட்டு ஏடு, முன்பக்கமும் பின்பக்கமும் எங்கே என்று கேட்டதற்கு ஒருவரிடமும் விடை இல்லை. சுருங்கிச் சுருங்கி வந்ததில் புள்ளிகள் மங்கியிருந்தன. அரபுத் தமிழில் ஒரு புள்ளி போனால் ஓர் எழுத்தே மாறும். பலர் பார்த்து வியந்து அனுப்பிய படம் எவரும் படிக்க இயலாததாய் நம் மேசைக்கு வந்தது.

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளை வகுப்பில் நாம் எடுத்துக் காட்டுவது இதன் பொருட்டே. 1887இல் அவர் சீவகசிந்தாமணியை வெளியிட்டது முதல், தாம் ஒப்பு நோக்கிய ஏடுகள் எவ்வூரில் எவரிடமிருந்து கிடைத்தன என்பதைத் தம் பதிப்புகளில் குறிப்பது அவர் வழக்கம். ஏடு தந்தவர்க்கு நன்றியாகவும், பின்னர் ஐயுற்று வருவோர்க்கு வழியாகவும் அக்குறிப்பு நின்றது. 2004இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஒரு படத்தை ஏற்ற முனைவோரிடம், எடுத்தவர் யார், எப்போது, எங்கிருந்து பெற்றது, பிறர் பயன்படுத்த என்ன இசைவு என்று கேட்கின்றனர். இலங்கையில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் நூல்தோறும் ஆசிரியர், ஆண்டு, வெளியீட்டாளர் எனக் குறித்தே மின்னூலாக்கி வருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்திற்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாண்டு முதல் இரண்டாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு பயிற்சி தருகிறோம். வீட்டிலோ தெருவிலோ உள்ள பழம்பொருள் ஒன்றை, கிதாபு, மணமடல், கடைக் கணக்கேடு, மீசான் கல் எதுவாயினும், உடையவர் இசைவு பெற்று நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, ஊர், நாள், உடையவர், சொன்னவர் என நான்கு வரி எழுதித் துறையில் சேர்க்க வேண்டும். அரபுத் தமிழ்ப் பக்கங்கள் இதற்குள் சில வந்துள்ளன. அவற்றைத் தடையின்றிப் படிக்க வல்லவர் நம் துறையில் இல்லை. இம்மலரைப் படிக்கும் மூத்தோருள் இளமையில் அவ்வெழுத்தை ஓதிப் பழகியவர் இருப்பின், வெள்ளிக்கிழமை நீங்கலாக எந்நாளிலும் பிற்பகல் மூன்று மணிக்குமேல் துறைக்கு வருமாறு வேண்டுகிறோம். வர இயலாதவர் சொல்லியனுப்பினால் மாணவர் இருவர் வீட்டிற்கே வருவர்.