பழைய கணிப்பொறி விளையாட்டுகளைப் புதிய கணிப்பொறியில் ஓட்டுவது எப்படி?

தொண்ணூறுகளில் நம் பிள்ளைகள் ஆடிய கணிப்பொறி விளையாட்டுகளை இன்றைய கணிப்பொறியில் ஓட்ட முடியுமா என்று நம் சங்க அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். முடியும். செலவும் அநேகமாக இல்லை. ஆனால் அவை ஏன் நேரடியாக ஓடுவதில்லை என்று தெரிந்தால்தான் எங்கே தட்டுகிறது என்பது விளங்கும். எனவே காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1981ல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.யில் இருந்தது இன்டெல் 8088 என்னும் சில்லு. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். டாஸ் என்ற இயக்க முறையில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவகம் அதிகபட்சம் 640 கிலோபைட். இன்று பேரன் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ இதைவிடப் பல மடங்கு பெரிது. இந்தச் சிறிய இடத்திற்குள் ஒரு ராஜகுமாரனை ஓடவும் தாவவும் கத்திச் சண்டை போடவும் வைத்தார்கள் என்பதை நினைத்தால் அந்த நிரலர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

இடம் குறைவாக இருந்ததால் அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. படம் வரைய வேண்டுமா, திரைக்குரிய நினைவகத்திலேயே நேராக எழுதினார்கள். ஓசை வேண்டுமா, பெட்டிக்குள் இருக்கும் சிறு ஸ்பீக்கரை நேராக இயக்கினார்கள். இன்றைய விண்டோஸ் இதற்கு ஒப்பாது. எல்லாம் தன் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று அது வைத்திருக்கிறது. அதோடு பழைய நிரல்கள் 16 பிட் வகை. 64 பிட் விண்டோஸ் அவற்றைத் தொடவே தொடாது. 2021ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. ஆகவே பழைய கோப்பைச் சொடுக்கினால் "இது ஓடாது" என்ற அறிவிப்புதான் வரும்.

மூன்றாவது சிக்கல் வேகம். 1983ல் கனடா நாட்டு விண்ட்மில் நிறுவனம் வெளியிட்ட 'டிக்கர்' நினைவிருக்கிறதா? மண்ணைத் தோண்டிப் பச்சை மணிகளைப் பொறுக்குவோமே, அதுதான். அந்தக் காலத்து ஆட்டங்கள் பல, அந்த நாளின் மெதுவான சில்லை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அப்படிப்பட்டவற்றைப் பிற்காலத்து வேகமான கணிப்பொறியில் போட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இதற்கு மருந்து என்ன? என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் 1000 மில்லிமீட்டர். பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் பெட்டி ஒன்றைப் பிராட் கேஜ் பாதை வழியாக வேறு ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் அதன் சக்கரங்களை மாற்றிக்கொண்டிருக்க மாட்டோம். பிராட் கேஜ் தட்டை வேகனின் முதுகில் மீட்டர் கேஜ் தண்டவாளத் துண்டு ஒன்றைப் பதித்து, பெட்டியை அதன்மேல் ஏற்றிக் கட்டிவிடுவோம். பெட்டியைப் பொறுத்தவரை தன் தண்டவாளத்தில்தான் நிற்கிறது. கீழே ஓடுவது என்னவென்று அதற்குத் தெரியாது.

'டாஸ்பாக்ஸ்' என்னும் மென்பொருள் செய்வதும் இதேதான். 2002ல் முதலில் வெளிவந்தது. முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இது உங்கள் கணிப்பொறிக்குள் கற்பனையாக ஒரு பழைய கணிப்பொறியை உண்டாக்குகிறது. பழைய சில்லு, பழைய திரை அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் ஓசை அட்டை எல்லாம் அதற்குள் மென்பொருளாகவே இருக்கின்றன. விளையாட்டு நேராக எழுதுவதாக நினைத்து எழுதும். டாஸ்பாக்ஸ் அதை வாங்கி விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும்.

பயன்படுத்துவது எளிது. விளையாட்டின் கோப்புகள் அனைத்தையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அதிலுள்ள இ.எக்ஸ்.இ. கோப்பைச் சுட்டியால் இழுத்து, டாஸ்பாக்ஸ் சின்னத்தின் மேல் போட்டால் போதும். ஆட்டம் தொடங்கிவிடும். ஆல்ட் விசையோடு என்டர் அழுத்தினால் முழுத் திரையில் தெரியும். சுட்டி உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலும் எஃப்10ம் சேர்த்து அழுத்த, வெளியே வரும். ஆட்டம் வேகமாக ஓடினால் கன்ட்ரோலோடு எஃப்11, மெதுவாக ஓடினால் எஃப்12. மடிக்கணிப்பொறியானால் எஃப்.என். விசையையும் கூடவே அழுத்த வேண்டியிருக்கும். சன்னலின் தலைப்பில் 'சைக்கிள்ஸ்' என்று ஓர் எண் தெரியும். வழக்கமாக 3000 இருக்கும். மிகப் பழைய ஆட்டத்திற்கு 300 அளவுக்கு இறக்கினால் அன்று ஆடிய அதே நடை கிடைக்கும்.

இவ்வளவுதான் ஓட்டும் வித்தை. உண்மையான ஆபத்து வேறிடத்தில், நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஓடவைக்கும் வழி என்றும் கிடைக்கும். ஆனால் பிளாப்பியின் மேலுள்ள காந்தப் பூச்சு நமக்காகக் காத்திருக்காது. அதிலும் மும்பை மழைக்காலத்து ஈரம் சொல்லவே வேண்டாம்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டை 1989ல் உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்கர். தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லிப் படம்பிடித்து, அதைப் பார்த்து ராஜகுமாரனின் அசைவுகளை வரைந்தார். இசை அமைத்தவர் அவருடைய தகப்பனார். ஆக, அது ஒரு குடும்பத் தயாரிப்பு என்றே சொல்லலாம். அதன் மூல நிரல் பல ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்தது. 2012ல் அதே தகப்பனார் தம் வீட்டு அலமாரியின் உள்ளே கிடந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். உள்ளே பழைய டிஸ்குகள். விவரம் அறிந்தவர்கள் உதவியுடன் அவை படிக்கப்பட்டு, மூல நிரல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. சுமார் இருபத்துமூன்று ஆண்டுகள் தாங்கியது அவர்கள் நல்ல காலம். நம் வீட்டு டிஸ்குகளில் பல அதைவிட வயதானவை.

சென்ற ஆண்டு நம் சங்கத்து அம்மாள் ஒருவர் இதே விளையாட்டு இருந்த ஒரு பிளாப்பியைக் கொடுத்தார். ஆட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தவர்களின் பெயரையும் மீதி நேரத்தையும் அது ஒரு சிறு கோப்பில் குறித்துவைக்கும். அந்தக் கோப்பு பழுதாகாமல் இருந்தது. பட்டியலில் மகன் பெயர் இரண்டு முறையும், அதற்குக் கீழே காலமான கணவரின் பெயர் ஒரு முறையும் வந்தன. மீதி நேரம் ஒரு நிமிடம். "இவர் எப்போது ஆடினார்? என்னிடம் சொல்லவே இல்லையே!" என்றார் அம்மாள். பிறகு நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, முதலில் நகல் எடுங்கள். மூன்றரை அங்குல பிளாப்பிக்கு யூ.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் உண்டு. லாமிங்டன் ரோடு கடைகளில் விசாரித்துப் பாருங்கள். செருகுமுன் பிளாப்பியின் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை தெரியும்படி வையுங்கள். அப்போது எதுவும் அழியாது. உலோக மூடியைத் தள்ளி உள்ளே பாருங்கள். வெண்புள்ளிகளாகப் பூஞ்சை இருந்தால் செருகாதீர்கள். அது டிரைவின் தலையில் ஒட்டி அடுத்த பிளாப்பியையும் கெடுக்கும். "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கையேடு இருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையேட்டிலுள்ள ஓர் எழுத்தைக் கேட்டு, தெரியாதவரை மேலே போகவிடாத ஆட்டங்கள் உண்டு. பிரின்ஸும் அப்படித்தான்.

பிளாப்பி இல்லாதவர்கள் இணையத்தில் தேடுவார்கள். பழையது என்பதால் உரிமை போய்விடாது. பதிப்புரிமை பெரும்பாலான ஆட்டங்களுக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இலவசம் என்று கூவும் தளங்களில் வைரஸும் கூடவே வரும். 2008 முதல் இயங்கும் ஜி.ஓ.ஜி. என்ற தளம் பழைய ஆட்டங்களை உரிமையோடு விற்கிறது. டாஸ் ஆட்டமானால் பெரும்பாலும் டாஸ்பாக்ஸையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள்.

விண்டோஸ் 95, 98 காலத்து ஆட்டங்கள் வேறு கதை. சில நேராக ஓடும். சில, ஆட்டம் 32 பிட்டாக இருந்தும் நிறுவும் நிரல் மட்டும் 16 பிட்டாக இருப்பதால் வாசலிலேயே நின்றுவிடும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மூன்றரை அங்குல பிளாப்பி வைத்திருக்கும் அன்பர்கள் ஞாயிறு மாலை சங்க நூலகத்திற்குக் கொண்டுவரலாம். டிரைவ் என்னிடம் இருக்கிறது. ஐந்தேகால் அங்குலத்தைப் படிக்க என்னிடம் வசதியில்லை. அதற்குப் பழைய கணிப்பொறியோ தனி அட்டையோ வேண்டும். அதுவரை அவற்றை உறையிலிட்டு, டி.வி., ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல், ஈரம் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.