வெட்டைப் பார்க்காத மதிப்பீடு

வேலையும் நாமும்: கேள்வி - பதில்

கேள்வி: என் ஊர் சுங்கை பெசார். கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். சம்பளக் கணக்குக்கான மென்பொருள் எங்களுடையது. வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் போவேன், மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தே வேலை. போன ஆண்டு நான் செய்ததில் பெரும்பகுதி பழைய மென்பொருள் கோடைச் செப்பனிட்டதுதான். குறைந்தபட்சச் சம்பளம் மாறியபோதும் சரி, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) விதி மாறியபோதும் சரி, எந்த வாடிக்கையாளருக்கும் கணக்குத் தப்பவில்லை. ஆண்டிறுதி மதிப்பீட்டில் எனக்கு ஐந்துக்கு மூன்று. அதிக டிக்கெட் (பதிவான வேலைக் கோரிக்கை) முடித்த இன்னொருவருக்கு ஐந்து. அவர் அவசரத்தில் எழுதியதை இரவில் உட்கார்ந்து திருத்தியது நான். மேலாளரைக் கேட்டால், "எண்ணிக்கை அப்படித்தான் காட்டுகிறது" என்கிறார். எங்கள் வேலையை எப்படித்தான் மதிப்பிட வேண்டும்? இனி நான் என்ன செய்ய?

பதில்: மகளே, உங்களுக்குக் கிடைத்த மூன்று சரியா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. அந்த மூன்றுக்கு அவர்கள் வந்த வழி தவறு என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

உங்கள் குடும்பத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டு வருவார்கள், கிராணி நிறுப்பார். எடை ஒன்றுதான் கணக்கு என்றால் தண்ணீர் கலந்தவருக்கே கூலி அதிகம் போயிருக்கும். அதனால் மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்தார்கள். அதோடும் விடவில்லை. மேற்பார்வையாளர் நிரைக்குள் நடந்து போய், ஒவ்வொருவரும் மரத்தை எப்படி வெட்டியிருக்கிறார் என்று பார்ப்பார். கத்தியை ஆழமாக இறக்கினால் அன்றைக்குப் பால் கூடும். ஆனால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு காயப்பட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டு கழித்து அந்தப் பக்கம் திரும்பி வரும்போது கத்தி ஓடாது. கிழட்டு மரங்கள் நிற்கும் நிரையில் இளமர நிரையின் பாலை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோட்ட நிர்வாகங்கள் நம்மவர்களை நியாயமாக நடத்தின என்று நான் சொல்லவில்லை. அந்த வரலாறு நமக்கு நன்றாகவே தெரியும். மரம் கெட்டால் முதலுக்கே மோசம் என்பதால் வெட்டைப் பார்த்தார்கள். அந்த அக்கறைகூட இல்லாமல் இன்றைக்கு மென்பொருளை மதிப்பிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முடித்த டிக்கெட்டை எண்ணுவது வாளியை நிறுப்பது மாதிரி. உங்கள் சக ஊழியரின் கோடை நீங்கள் இரவில் திருத்தினீர்களே, அது அவர் ஆழமாக வெட்டியதன் விலை. அந்த விலை அவர் கணக்கில் ஏறவில்லை, உங்கள் தூக்கத்தில் ஏறியது.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. 1982இல் ஆப்பிள் நிறுவனத்தில் லிசா கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, பொறியாளர்கள் வாரத்துக்கு எத்தனை வரி கோடு எழுதினார்கள் என்று படிவத்தில் நிரப்பித் தரச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான பில் அட்கின்சன் அந்த வாரம் திரையில் வரையும் நிரலின் ஒரு பகுதியை அடியோடு மாற்றி எழுதியிருந்தார். வேகம் ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியது, கோடு சுமார் 2,000 வரி குறைந்தது. அவர் படிவத்தில் 'கழித்தல் 2,000' என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இவ்வளவு காலம் ஆன பிறகும் வரிக்குப் பதிலாக டிக்கெட்டையும் கமிட்டையும் எண்ணிக்கொண்டிருக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். 2021இல் நிக்கோல் ஃபார்ஸ்கிரனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட 'ஸ்பேஸ்' கட்டமைப்பு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: எந்த ஒற்றை எண்ணாலும் பொறியாளரின் உற்பத்தித்திறனை அளக்க முடியாது. செயல் எண்ணிக்கை அதில் வரும் ஐந்து கூறுகளில் ஒன்று, அவ்வளவுதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில், அந்த வேலையால் பயனருக்கு என்ன ஆனது என்று. உங்கள் போன ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. ஆனால் ஐந்து பேருக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருந்த பெரும்பாலான முதலாளிகளுக்கு ஆகஸ்ட் 1 வரை அவகாசம் இருந்தது. ஆக, ஆறு மாதத்துக்கு உங்கள் மென்பொருள் இரண்டு விதிகளையும் ஒன்றாகத் தாங்க வேண்டியிருந்தது. அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் கட்டாயமாயிற்று: முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. உங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு செம்பனைத் தோட்டம் இருந்தால்கூட அது எத்தனை பேருடைய சம்பளச் சீட்டு என்று நினைத்துப் பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பதே உங்கள் சாதனை. ஆனால் நடக்காததற்கு டிக்கெட் கிடையாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மேலாளரின் கடமை, அவர் கேட்கவில்லை.

அடுத்தது, நீங்கள் தொட்ட கோடு இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பது. அடுத்தவர் திறந்தால் புரிகிறதா, முடித்ததாகச் சொன்ன டிக்கெட்டுகளில் எத்தனை மறுபடி திறந்தன, யார் திருத்தினார்கள்? பிறகு, உங்களால் மற்றவர் வேலை எளிதானதா என்பது. கோட் ரிவ்யூவில் நீங்கள் பிடித்த பக், புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுத்த மணி நேரம் எல்லாம் இதில் சேரும். கிடைத்த வேலை எவ்வளவு கடினம் என்பதையும் பார்க்க வேண்டும். கிழட்டு நிரை உங்களுக்கு, இளமர நிரை அவருக்கு என்றால் இரண்டு வாளியையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் செய்ததை நாலு வரி எழுதி வையுங்கள். ஆண்டிறுதியில் நினைவிலிருந்து எழுதினால் நவம்பரும் டிசம்பரும்தான் வரும். மேலாளர் நினைவும் அப்படித்தான். எழுதும்போது "சம்பள மென்பொருளைப் பராமரித்தேன்" என்று விட்டுவிடாதீர்கள், அதில் ஒன்றுமே தெரியாது. "பிப்ரவரி முதல் ஜூலை வரை இரண்டு குறைந்தபட்சச் சம்பள விதிகளும் ஒரே நேரத்தில் செயல்படும்படி கணக்கிடும் பகுதியை மாற்றி எழுதினேன், அதன்பின் இது பற்றி ஒரு புகாரும் வரவில்லை" என்று எழுதுங்கள். சக ஊழியரைக் குறை சொல்ல வேண்டாம். எந்தத் தேதியில் எந்த டிக்கெட்டைத் திருத்தினீர்கள் என்று மட்டும் குறியுங்கள், படிப்பவருக்குப் புரியும்.

செய்ததைத் தானே சொல்லிக்கொள்வது நமக்குக் கூச்சம். நம் வீடுகளில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். ஆனால் நீங்கள் மேலாளர் கண்ணில் படும் தூரத்தில் இல்லை. அவரோடு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களின் வேலை அவருக்குத் தானாகத் தெரிந்துவிடும், உங்கள் வேலையை நீங்கள்தான் தெரியப்படுத்த வேண்டும். மாதம் ஒரு முறை அவரோடு பேச அரை மணி நேரம் கேளுங்கள். அந்தப் பேச்சில் சம்பள உயர்வை இழுக்காதீர்கள். சம்பளம் வந்துவிட்டால் இருவரும் தற்காப்பில் இறங்கிவிடுவீர்கள், எங்கே முன்னேறலாம் என்ற பேச்சு நின்றுவிடும். இரண்டு மூன்று மாதம் கேட்டும் அவர் எண்ணிக்கையையே காட்டினால், நல்ல மேலாளர் உள்ள வேறு குழுவோ நிறுவனமோ தேடுவதில் தவறே இல்லை.

கேள்வி: பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். ஏழு பொறியாளர்களுக்குக் குழுத் தலைவராக இருக்கிறேன். எல்லோரும் நன்றாக வேலை செய்கிறார்கள். ஆனால் 'பெல் கர்வ்' பொருந்த வேண்டும், ஒருவரைக் கடைசித் தரத்தில் போட்டே ஆக வேண்டும் என்று மனிதவளப் பிரிவு சொல்கிறது. யாரைப் போடுவது?

பதில்: தம்பி, யாரை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியே உங்களிடம் வந்திருக்கக் கூடாது.

ஆயிரக்கணக்கானவர்களை அளந்தால் மணி வடிவ வளைவு தெரியலாம். ஏழு பேரில் அதைத் தேடுவது கணக்குப்படியே பிழை. அதிலும் அந்த ஏழு பேரை நீங்களே தேர்வு வைத்து வடிகட்டி எடுத்திருக்கிறீர்கள். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் ஆண்டுதோறும் கடைசிப் பத்து விழுக்காட்டினரை வெளியேற்றும் முறையைப் புகழ்பெற வைத்தார். மைக்ரோசாஃப்டும் ஊழியர்களை இப்படி வரிசைப்படுத்தி வந்தது. 2012இல் ஒரு பத்திரிகையாளர் அங்கே முன்பு வேலை செய்தவர்களிடம் பேசியபோது, நிறுவனத்தை உள்ளிருந்து அரித்தது இந்த முறைதான் என்று பலரும் சொன்னார்கள். திறமைசாலிகள் ஒரே குழுவில் சேரத் தயங்கினார்கள். சேர்ந்தால் அவர்களில் ஒருவர் கடைசியாக வேண்டுமே. 2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. அடோபி அதற்கு முந்தைய ஆண்டே ஆண்டு மதிப்பீட்டை நீக்கிவிட்டு, அடிக்கடி பேசும் முறைக்கு மாறியிருந்தது.

தர நிர்வாக அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு சோதனை நடத்துவார். வெள்ளையும் சிவப்புமாக மணிகள் கலந்த பெட்டி. ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு. குழி வைத்த ஒரு பலகையை உள்ளே விட்டு ஒவ்வொருவரும் ஐம்பது மணி எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் குறை. குறைவாக எடுத்தவரைப் பாராட்டுவார், அதிகம் எடுத்தவரைக் கண்டிப்பார். யார் கையிலும் திறமை என்று எதுவும் இல்லை, எல்லாம் பெட்டியின் வேலை. உங்கள் குழுவில் ஆறாவது ஆளுக்கும் ஏழாவது ஆளுக்கும் இடையே தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு பெட்டியுடையது என்று பாருங்கள். யாருக்குத் தெளிவில்லாத வேலை கிடைத்தது, யாருடைய வாடிக்கையாளர் நடுவில் மனம் மாறினார்?

இந்தத் தரம் காகிதத்தோடு நிற்பதில்லை. 2017இல் சென்னையில் காக்னிசன்ட் ஊழியர்கள் சிலர், தங்களைக் கடைசித் தரத்தில் போட்டு ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள் என்று தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் மனு கொடுத்தார்கள். ஆட்குறைப்பு ஏதுமில்லை, இது வழக்கமான திறன் மதிப்பீடு என்றது நிறுவனம். எது எப்படியோ, ஓர் எண் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கடன் வரை போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

எனவே ஏழு பேருக்கும் அவர்கள் செய்த வேலையைச் சான்றோடு எழுதிக் கொடுங்கள். கடைசித் தரத்துக்குரியவர் யாரும் இல்லை என்று எழுத்திலேயே சொல்லுங்கள். அப்படியும் மேலிடம் ஒருவரை இறக்கினால் அது அவர்கள் முடிவு என்று பதிவாகட்டும். அதை அந்த ஊழியரிடம் உங்கள் கருத்தாகச் சொல்லாதீர்கள். அடுத்த ஆண்டு உண்மையிலேயே யாராவது தடுமாறினால் மார்ச்சிலேயே சொல்லுங்கள். "இன்னும் பொறுப்பாக இரு" என்பது பயன்படாது. "போன வாரம் சோதிக்காமல் டெப்ளாய் செய்தாய், இரண்டு மணி நேரம் சர்வர் நின்றது" என்றால் அவருக்குத் திருத்திக்கொள்ள ஏதாவது கிடைக்கும். ஆண்டிறுதிப் படிவத்தில் ஊழியர் முதல் முறையாகக் கேள்விப்படும் குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கேள்வி: என் மகன் சைபர்ஜெயாவில் வேலை செய்கிறான். திடீரென்று 'பிஐபி' (செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்) என்று ஒரு கடிதம் கொடுத்து, ஒரு மாதத்தில் தேறவில்லை என்றால் ராஜினாமா செய் என்கிறார்களாம். இதுவரை அவனிடம் குறை என்று யாரும் சொன்னதில்லை. படித்த வேலைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டா? - தஞ்சோங் காராங் வாசகர்

பதில்: உண்டு ஐயா. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தில், நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர் முறையிட வழிசெய்யும் 20ஆவது பிரிவு மாதம் பத்தாயிரம் வாங்கும் பொறியாளருக்கும் பொருந்தும். வேலை சரியில்லை என்று ஒருவரை நீக்க வேண்டுமானால் குறை என்னவென்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், எச்சரித்திருக்க வேண்டும், திருத்திக்கொள்ளப் போதிய வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும் என்பதைத் தொழிலியல் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வலியுறுத்தியிருக்கிறது. மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் வேலை நீக்கமாகவே கருதப்படலாம். ஆனால் அது தானாக விரும்பி எழுதியதல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் மகனுடையது.

ராஜினாமாக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிஐபி கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், "கிடைத்தது; உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று கையாலேயே எழுதிப் போடட்டும். எந்த வேலையில், எந்தத் தேதியில், என்ன குறை, எது நடந்தால் தேறியதாகக் கொள்வீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்கட்டும். அதோடு அந்த ஒரு மாதமும் முழு மனத்தோடு வேலை செய்யட்டும், நியாயமான குறை ஏதாவது இருந்தால் அது திருந்துவதும் அவனுக்கு நல்லதுதான். பழைய மதிப்பீட்டுப் படிவங்கள், போனஸ் கடிதம், பாராட்டிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இப்போதே பிரதி எடுத்து வைக்கட்டும்; நிறுவனத்தின் கோடையோ வாடிக்கையாளர் தகவலையோ மட்டும் தொட வேண்டாம். வேலையிலிருந்து நீக்கினால் அன்றிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். வேறு வேலை தேடும் அலைச்சலில் அந்தக் கெடு தவறிப்போகிறது. நீக்கல் கடிதம் கைக்கு வரும் அன்றே காலண்டரில் அறுபதாவது நாளைக் குறித்துவிடுங்கள்.