டேங்கில் டீசல் இருந்தும் வண்டி நிற்பது ஏன்?

போரூர், வடபழனி வழியாகக் கீரையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு தியாகராய நகர்ப் பக்கம் வரும் சிறு லாரிகள் கோடம்பாக்கம் பாலத்தில் ஏறி இறங்குவது வழக்கம். ரயில் பாதைக்கு மேலே 1965-ல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் ஏற்றம் பெரிதல்ல. ஆயினும் சமதரையில் நன்றாக ஓடிவந்த பழைய டீசல் வண்டி இத்தகைய ஏற்றத்தில் திணறி நின்றுவிடுவது உண்டு. முள்ளோ பாதி டேங்க் டீசல் இருப்பதாகக் காட்டும். வெயில் ஏற ஏறக் கீரை வாடும். "பம்ப் போய்விட்டது" என்று யாராவது சொன்னதும் பம்பைக் கழற்றக் கொடுத்துவிடுவது பெருஞ்செலவில் முடியும். அதற்கு முன் டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயைப் பார்ப்பது நலம்.

விவசாயிகளுக்குப் பழக்கமான ஆயில் என்ஜின் பம்ப்செட்டில் டேங்க் மேலே இருக்கும். டீசல் தானாகவே இறங்கிவரும். பெரும்பாலான டிராக்டர்களிலும் இப்படித்தான். லாரியில் டேங்க் தாழ்வாக, சட்டத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. டேங்கின் மேல் மூடியிலிருந்து ஒரு குழாய் அடிவரை இறங்கும். அதன் நுனியில் வலை வடிகட்டி இருக்கும். என்ஜினில் உள்ள சிறிய ஃபீட் பம்ப் இக்குழாய் வழியாக டீசலை உறிஞ்சி எடுக்கிறது, இளநீரைக் குழல் போட்டு உறிஞ்சுவது போல. குழலின் நடுவே ஓட்டை விழுந்தால் இளநீருக்குப் பதில் காற்றுதான் வாய்க்கு வரும்.

இங்கும் அதே கதைதான். துருப்பிடித்தோ அதிர்ச்சியில் விரிசல் விட்டோ குழாயின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம். டீசல் மட்டம் ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. மட்டம் கீழே இறங்கியதும் பம்ப் காற்றை இழுக்கும். மேட்டில் டீசல் டேங்கின் பின்பக்கம் சாய்வதால் கோளாறு அங்கே முதலில் தலைகாட்டும். டேங்கை நிரப்பினால் வண்டி மறுபடி ஓடும். நோய் தீர்ந்தது என்று நினைத்துவிடுவார்கள். உறிஞ்சும் பக்கத்து ஓட்டையாதலால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது.

வலையில் கசடு அடைத்தால் அடையாளம் வேறு. சுமையேற்றி வேகமாக ஓட்டும்போது வண்டி இழுக்காமல் நிற்கும். சிறிது நேரம் கழித்து, கசடு வலையை விட்டு விழுந்ததும், ஒன்றும் நடவாதது போலக் கிளம்பும்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி நிற்கும். திறந்தவுடன் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். அது இல்லையென்றால், ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து டியூப் கொடுத்து என்ஜினை ஓட்டிப் பார்க்கலாம். நன்றாக ஓடினால் பம்பின் மேல் பழியில்லை. டேங்கிலோ, அங்கிருந்து வரும் குழாயிலோதான் கோளாறு.

டீசலை வடித்துவிட்டு, மூடித் தட்டின் திருகுகளைக் கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட வேண்டும். மிதவையை வளைக்காமல் குழாயை எடுத்து, ஒரு முனையை அடைத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதினால் குமிழி வரும் இடம் ஓட்டை. சிறிய ஓட்டையைப் பித்தளைப் பற்று வைத்து அடைக்கலாம். குழாய் நெடுகத் துரு தின்றிருந்தால் புதிது போடுவதே மேல். நீளம் பழைய குழாயின் அளவே இருக்க வேண்டும். நீண்டால் அடியில் தங்கும் தண்ணீரையும் கசடையும் இழுக்கும். குட்டையானால் டீசல் இருக்கும்போதே வண்டி நிற்கும். அடைப்புத் தொல்லை என்று வலையையே வெட்டி எறியும் பழக்கம் தவறு. கழுவிய வலையும் குழாயும் நன்கு உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். பழைய பாக்கிங்கைத் திரும்பப் போடக்கூடாது.

டேங்கில் ஓட்டை இருந்தால் அதன்மேல் வெல்டிங் வைக்க எக்காரணம் கொண்டும் முயலக்கூடாது. காலி டேங்கில் நிற்கும் டீசல் ஆவி வெடித்து உயிரைக் குடிக்கும். குழாய்க்குப் பற்று வைப்பதும் வண்டியை விட்டு எட்ட இருக்கட்டும். காமன் ரெயில் என்ஜின் உள்ள புதிய வண்டிகளில் எரிபொருள் அழுத்தம் மிக அதிகம். அவற்றைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சரி.

மாட்டியபின் ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழியில்லாமல் டீசல் வரும்போதே திருகை இறுக்க வேண்டும். டேங்கை நிரப்பி ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. முன்பு எந்த அளவில் வண்டி நின்றதோ, அதற்குச் சற்றுக் கீழே டீசல் இருக்கும்போது, சுமையுடன் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.