கட்டியை எடுக்கலாம், கர்ப்பப்பை இருக்கட்டும்

எங்கள் ஊர் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலைப் பக்கம். சுற்றிலும் ஏலக்காடு. காலையில் போடிமெட்டின் 17 வளைவுகளையும் ஏறி ஜீப்புகள் வரும். தேனிப் பக்கத்துப் பெண்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்து வேலைக்கு வருவார்கள். இங்கேயே லயத்தில் குடியிருப்பவர்களும் உண்டு. எங்கள் தொடர்கல்வி மையத்துக்கு வருகிறவர்கள் இவர்கள்தான்.

ஒரு நாள் மாலை ஓர் அக்கா தாமதமாக வந்தார். அவருக்கு வயது 31. கல்யாணமாகி 6 வருடம். குழந்தை இல்லை. என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"டீச்சர், இது ஸ்கேன் காகிதம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நம்பர் மட்டும் எனக்குத் தெரியுது. 6 போட்டிருக்கு. 3 போட்டிருக்கு. இது எதோட அளவு?"

அது கட்டியின் அளவு. ஒரு கட்டி 6 சென்டிமீட்டர். இன்னொன்று 3 சென்டிமீட்டர்.

அக்காவுக்கு மாதவிலக்கு 10 நாள் வரை நீளும். கட்டி கட்டியாக ரத்தம் போகும். ஏலச்செடி நடுவே மயங்கி விழுந்திருக்கிறார். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். "கர்ப்பப்பையை எடுத்துடலாம். தொல்லை தீர்ந்தது" என்று சொல்லிவிட்டார்களாம். மாமியாரும் சரி என்றாராம். அக்காவுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

"கட்டியை மட்டும் எடுக்க முடியாதா டீச்சர்?"

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடம் முடித்தவள், அவ்வளவுதான். அரசு சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் இருவரும் போய்க் கேட்டோம். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கட்டி என்றால் என்ன?

கர்ப்பப்பை ஒரு சின்னக் கொய்யாக்காய் அளவுதான் இருக்கும். அதன் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையிலிருந்தே சில சமயம் உருண்டையாகக் கட்டி வளரும். டாக்டர்கள் இதை நார்த்திசுக் கட்டி என்பார்கள். நீர்க்கட்டி வேறு. அது சினைப்பையில் வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சில கட்டி கடுகு அளவு. சில கட்டி பூசணிக்காய் அளவு. ஒன்றும் இருக்கலாம், இருபதும் இருக்கலாம். கட்டி என்றதும் புற்றுநோய் என்று பயந்துவிடுகிறோம். இந்தக் கட்டி புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது.

பல பெண்களுக்குக் கட்டி இருப்பதே தெரியாது. தொல்லை தராத கட்டியைப் பெரும்பாலும் எடுக்க வேண்டியதில்லை. டாக்டர் சொல்லும் நாளில் போய்ப் பார்த்துக்கொண்டால் போதும். மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் அதுவே சுருங்கிவிடும்.

கட்டி இருக்கும் இடம்தான் முக்கியம். பையின் வெளிப்புறம் இருந்தால் கருவுக்குப் பெரும்பாலும் இடைஞ்சல் இல்லை. உள்ளே துருத்திக்கொண்டு இருந்தால் ரத்தம் அதிகம் போகும். கரு தங்காமலும் போகலாம். அக்காவின் பெரிய கட்டி அப்படித்தான் சுவரிலிருந்து உள்பக்கம் தள்ளிக்கொண்டு இருந்தது.

அவரைக்காயும் பருப்பும்

கட்டியை எப்படி எடுக்கிறார்கள்? டாக்டரம்மா ஓர் அவரைக்காயைக் காட்டிச் சொன்னார். காயை நீளவாட்டில் கீறினால் பருப்பு தனியாக வழுக்கிக்கொண்டு வரும். தோல் அப்படியே இருக்கும். கட்டியும் அப்படித்தான் ஓர் உறைக்குள் இருக்கிறது. கர்ப்பப்பையின் சுவரைக் கீறுவார்கள். கட்டியை உருவி எடுப்பார்கள். குழியை அடுக்கடுக்காகத் தைத்துவிடுவார்கள். கர்ப்பப்பை தன் இடத்திலேயே இருக்கும்.

வயிற்றைத் திறந்தும் செய்யலாம். சின்னத் துளை போட்டும் செய்யலாம். உள்ளே துருத்தும் சில கட்டிகளை வயிற்றைக் கீறாமல் கீழ்வழியாகவே எடுத்துவிடலாம்.

இது நேற்று வந்த வைத்தியம் இல்லை. இங்கிலாந்தில் விக்டர் பானி என்று ஒரு டாக்டர் இருந்தார். 1872-இல் பிறந்து 1953-இல் இறந்தவர். அவர் மனைவிக்கும் இதே கட்டி வந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குக் குழந்தையே இல்லாமல் போயிற்று. அந்த டாக்டர் பிறகு கர்ப்பப்பையைக் காப்பாற்றும் வழியைத் தேடினார். கட்டியை எடுக்கும்போது ரத்தம் கொட்டும். அதுதான் பெரிய பயம். அவர் ஓர் இடுக்கி செய்தார். மடையை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறது அல்லவா? அதுபோல அந்த இடுக்கி, கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் அடைத்து வைத்தது. ஒரே பெண்ணின் கர்ப்பப்பையிலிருந்து அவர் 225 கட்டிகளை எடுத்திருக்கிறார். கர்ப்பப்பையை விட்டுவைத்தார்.

தெரிந்துகொள்ள வேண்டிய கஷ்டங்கள்

நல்லதை மட்டும் சொன்னால் அது சரியாகாது. கட்டி மறுபடியும் வளரலாம். ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் போனால், உயிரைக் காக்கக் கர்ப்பப்பையையே எடுக்கவும் நேரலாம். அது அரிது. கட்டியை எடுத்தால் குழந்தை நிச்சயம் என்றும் இல்லை. கணவருக்கும் பரிசோதனை வேண்டும். (இதைச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு. ஆனால் குறை ஆணிடமும் இருக்கலாம்.) தையல் ஆற வேண்டும். அதனால் டாக்டர் சொல்லும் வரை சில மாதம் கரு தரிக்கக் கூடாது. பிரசவம் கட்டாயம் ஆஸ்பத்திரியில்தான். சிலருக்குச் சிசேரியன் தேவைப்படும்.

கர்ப்பப்பையை எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அதுதான் சரியான வைத்தியம். ஆனால் வேறு வழி இருக்கிறதா என்று கேட்காமலே எத்தனை பேர் எடுத்துக்கொள்கிறார்கள்! மகாராஷ்டிரத்தில் பீட் என்று ஒரு மாவட்டம். அங்கே கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மாதவிலக்கு நாளில் லீவு எடுத்தால் கூலி போகும், அபராதம் வேறு. 2019-இல் இது நாடெங்கும் பேச்சானது. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு விதிமுறைகள் எழுதியது. அவற்றை எல்லா மாநிலங்களும் 3 மாதத்துக்குள் கடைப்பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று சொன்னது. கூலி பயம் நமக்கும் தெரியாததா?

அக்கா என்ன செய்தார்?

முதலில் ரத்தச்சோகையைச் சரிசெய்தார்கள். அக்காவின் ரத்த அளவு 7 இருந்தது. 12 இருக்க வேண்டும். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை. அதைக் கட்டன்சாயாவோடு விழுங்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. சாயா இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஏலக்காட்டில் சாயாவை விடுவது லேசா? அக்கா மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார்.

பிறகு சீட்டு வாங்கிக்கொண்டு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நம் பக்கத்தில் கோட்டயம், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. பாலக்காட்டுக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம். காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். எங்களுக்கு ஜீப் ஓட்டும் அண்ணன்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சிஸ்டர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். சம்மதக் கையெழுத்து போட வேண்டும். படிவம் மலையாளத்தில் இருந்தது. அக்காவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, "போட்டுக் குடும்மா, எல்லாரும் போடுறதுதான்" என்றார். அக்கா போடவில்லை.

"சிஸ்டர், இதுல என்ன எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லுங்க."

சிஸ்டர் வரி வரியாகச் சொன்னார். கட்டியை எடுக்கச் சம்மதம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதம்.

"'மட்டும்'னு எழுதியிருக்கா?"

"உண்டு. இதோ."

அந்தச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவரை ஒரு தடவை பார்த்தார். பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினார்.

ஸ்கேனில் இருந்தது 2 கட்டி. எடுத்தது 4. சின்னதாக இரண்டு ஒளிந்திருந்தனவாம். கர்ப்பப்பை பத்திரமாக இருக்கிறது.

இப்போது ஐந்தாம் மாதம். மாதவிலக்கு 4 நாளில் நின்றுவிடுகிறது. மூட்டை தூக்குவதில்லை, காய் மட்டும் எடுக்கிறார். அடுத்த பரிசோதனைக்கு வரச் சொன்ன தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு, பக்கத்தில் "கேட்க வேண்டியது" என்று எழுதி, மூன்று கேள்வி குறித்து வைத்திருக்கிறார். 'குழந்தை'யில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. நான் திருத்தவில்லை.