அரைமணி நேரத்தில் இறால் உணவு



சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று நம் முன்னோர் பருவம் வகுத்தனர். வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வரும் மலேசிய நாட்டில் அத்தகைய தனிப் பருவம் இல்லை. எனினும், ஏப்ரல், மே மாதங்கள் நமக்கும் ஒரு மாறுதலைக் கொணர்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று அதற்குள் ஓய்ந்துவிடுகிறது. கடற்கொந்தளிப்பினால் கரையில் தங்கியிருந்த கிழக்குக் கரை மீனவர்கள் மீண்டும் கடலுக்குச் செல்கின்றனர். மேற்குக் கரையிலோ பகலில் கடும் வெயிலும் மாலையில் இடியுடன் கூடிய மழையும் வழக்கமாகின்றன.

அத்தகைய மாலை வேளையில் வேலை முடிந்து களைப்புடன் வீடு திரும்பும் தாயும் தந்தையும் நெடுநேரம் அடுப்படியில் நிற்க இயலாது. பிள்ளைகளுக்கோ பசி. அந்நேரத்தில் அரைமணிக்குள் சுவையும் சத்தும் நிறைந்த உணவை ஆக்கித் தருவது இறால். ஆனால் இறால் மலிவான பொருள் அன்று. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய இறால் கெட்டுப் போனாலும், வெந்து இறுகி ரப்பரைப் போல் ஆனாலும், இழப்பு நம்முடையதே. அவ்விழப்பைத் தவிர்க்க நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இறால் காத்திராது. கூடையிலும் காத்திராது; அடுப்பின்மேலும் காத்திராது. இவ்வுண்மையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இறாலின் இயல்பு

இறால் மீன் இனத்தைச் சேர்ந்தது அன்று. அதற்கு முதுகெலும்பு இல்லை. உடலைக் காப்பது மேலோடே. நடப்பதற்கு ஐந்து இணைக் கால்கள் உண்டு. ஆதலின், நண்டைப் போலவே இதுவும் பத்துக்காலி வரிசையைச் சேர்ந்தது.

நம் நாட்டுச் சந்தைகளில் பலவகை இறால்கள் கிடைக்கின்றன. உடலில் வரிகள் உடையது புலி இறால். மலாய் மொழியிலும் அதனை ‘ஊடாங் ஹரிமாவ்’ என்றே அழைப்பர். வெளிர்நிறமுடையது வெள்ளை இறால். குளங்களில் வளர்க்கப்படும் வெள்ளைக்கால் இறாலும் இன்று மிகுதியாக விற்கப்படுகின்றது. ஆற்றில் வாழும் நீண்ட கொடுக்குடைய பெரிய இறால் ‘ஊடாங் காலா’ எனப்படும். பேராக் ஆற்றங்கரையில் உள்ள தெலுக் இந்தான் வட்டாரம் அதற்குப் பெயர் பெற்றது. ஆற்று இறாலாயினும் அதன் குஞ்சுகள் வளர உப்புக் கலந்த நீர் வேண்டும் என்பதனை 1960களின் தொடக்கத்தில் பினாங்கு குளுகோரில் ஆய்வு செய்த ஷாவோ வென் லிங் என்னும் அறிஞர் கண்டறிந்தார். உலகின் பல நாடுகளில் அவ்விறாலைப் பண்ணைகளில் வளர்க்க அக்கண்டுபிடிப்பே வழிவகுத்தது.

கடல் இறால்கள் பலவற்றின் குஞ்சுகள் அலையாத்திக் காடுகளின் சேற்று நீரில் வளர்கின்றன. பேராக் மாநிலத்தின் மாத்தாங் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது. நூறாண்டுகளுக்கு மேலாகக் காக்கப்பட்டு வருவது. காடு அழிந்தால் இறாலும் அருகும். நம் தட்டில் விழும் ஓர் இறாலுக்குப் பின்னால் ஒரு காடே நிற்கின்றது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் நலம்.

நல்ல இறாலைத் தேர்தல்

இறாலை வாங்கும்போது கண், மூக்கு, கை ஆகிய மூன்றையும் பயன்படுத்த வேண்டும்.

கண்ணுக்கு ஓடு பளபளப்பாகத் தோன்ற வேண்டும். தலை உடலோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். தலை தொங்கினாலோ தானே கழன்று விழுந்தாலோ அவ்விறால் பழையது. ஓட்டில் பல கரும்புள்ளிகள் தோன்றியிருப்பின் பிடித்து நாளாயிற்று என்பது பொருள்.

மூக்குக்குக் கடல்நீரின் மணம் மட்டுமே தெரிய வேண்டும். காரமான நெடி வீசினால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கலாகாது.

கையால் அழுத்தினால் சதை உறுதியாக இருக்க வேண்டும். வழவழப்பும் குழைவும் கெட்டதன் அறிகுறிகள்.

இறால் ஏன் இவ்வளவு விரைவில் கெடுகிறது? அதன் தலைக்குள் செரிமான உறுப்பு உள்ளது. இறால் உயிருடன் இருக்கும்போது இரையைச் செரிக்கும் அந்நீர்கள், அது இறந்தபின் அதன் சதையையே கரைக்கத் தொடங்குகின்றன. வெப்பத்தில் நுண்ணுயிர்களும் விரைந்து பெருகுகின்றன. வெயில் 32 பாகைக்கு மேற்பட்ட நாளில் இறாலை ஒரு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்தல் கூடாது. ஆகவே, இறாலைச் சந்தையில் கடைசியாக வாங்குக. மீன்காரரிடம் சிறிது பனிக்கட்டி கேட்டுப் பையில் இடுக. வேறெங்கும் நில்லாது வீடு சேர்க. உடனே சமைக்க இயலாவிடில் தலையை நீக்கிக் கழுவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளே சமைத்துவிட வேண்டும். உறைந்த இறாலாயின், பையோடு குளிர்ந்த நீரில் இட்டு உறைவு நீக்கலாம். வெந்நீர் ஊற்றுதல் தவறு.

விரைவில் வேகும் காரணம்

ஆட்டிறைச்சி மென்மையாக ஒரு மணி நேரமாவது வேக வேண்டும். அதன் தசைகளைப் பிணைக்கும் கடினமான நார்கள் மெல்ல மெல்லவே இளகும். இறாலின் தசையில் அத்தகைய நார் மிகக் குறைவு, உருவமும் சிறிது. சூடு நொடியில் உள்ளே புகுந்துவிடுகின்றது. ஆதலால், இரண்டு மூன்று நிமிடமே அதற்குப் போதும். அதற்கு மேல் சூடேறினால் தசை சுருங்கித் தன் நீரை வெளியேற்றி இறுகிவிடும். நெடுநேரம் வேகவைத்தால் மென்மையாகும் என்று எண்ணுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

இறால் வெந்ததை அறிய இயற்கையே இரண்டு அடையாளங்களைத் தந்துள்ளது. முதலாவது நிறம். பச்சை இறாலில் ஒரு செந்நிறப் பொருள் புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கின்றது. சூடு பட்டதும் அப்புரதம் சிதைய, மறைந்திருந்த சிவப்பு வெளிப்படுகின்றது. கண்ணாடிபோல் இருந்த சதையும் வெண்மையாகின்றது. இரண்டாவது வடிவம். இறால் பிறைபோல் வளைந்தால் பக்குவம். மோதிரம்போல் சுருண்டுவிட்டால் அளவுக்கு மீறி வெந்துவிட்டது. ‘பிறையில் இறக்கு, மோதிரம் ஆகவிடாதே’ என்று மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்க.

வேண்டிய பொருள்கள் (நால்வருக்கு)

தலையோடு கூடிய நடுத்தர இறால் – 600 கிராம்
சின்ன வெங்காயம் – 15
பூண்டு – 6 பல்
இஞ்சி – ஒரு சிறு துண்டு
தக்காளி – 2
பச்சை மிளகாய் – 2
மிளகு – ஒன்றரைத் தேக்கரண்டி
சீரகம், சோம்பு – வகைக்கு ஒரு தேக்கரண்டி
மஞ்சள் தூள் – அரைத் தேக்கரண்டி
எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
கறிவேப்பிலை, உப்பு – வேண்டிய அளவு
எலுமிச்சை – பாதி

தலையும் ஓடும் நீங்கினால் ஏறக்குறையப் பாதி எடையே மிஞ்சும் என்பதை மனத்திற்கொண்டு இவ்வளவு கூறப்பட்டது. நூறு கிராம் இறால் சதையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உள்ளது. கொழுப்போ மிகக் குறைவு. வளரும் பிள்ளைகளுக்கு ஏற்ற உணவு என்பது இதனால் விளங்கும்.

செய்முறை

விரைவாகச் சமைப்பதன் இரகசியம் வேலைகளின் வரிசையில் உள்ளது. நேரம் மிகுதியாக வேண்டுவது சோறு. ஆகவே அது முதலில். நேரம் மிகக் குறைவாக வேண்டுவது இறால். ஆகவே அது கடைசியில்.

1. அரிசியைக் களைந்து உலையேற்றுக. அதன்பின் இறாலைத் தொடுக.

2. அடுத்த பத்து நிமிடத்தில் இறாலைச் சுத்தம் செய்க. ஒருவர் தலையும் ஓடும் நீக்கலாம். மற்றொருவர் முதுகைச் சிறிது கீறிக் கருநிறக் குடலை எடுக்கலாம். வீட்டில் உள்ள ஆண் பிள்ளைகளும் இதில் பங்கு கொள்க. கழுவிய இறாலை நீர் வடித்து, மஞ்சளும் உப்பும் பிசறி வைக்க. ஈரம் மிகுந்தால் சட்டியில் இறால் வதங்காது, நீரில் அவிந்துவிடும்.

3. கழுவிய தலைகளையும் ஓடுகளையும் ஒரு கரண்டி எண்ணெயில் சிவக்க வதக்கி, மூன்று குவளை நீர் ஊற்றிக் கொதிக்க விடுக. பத்து நிமிடம் கழித்து வடிகட்டுக.

4. ஓடு கொதிக்கும் நேரத்தில் வெங்காயம், தக்காளி, மிளகாய் ஆகியவற்றை நறுக்குக. இஞ்சியையும் பூண்டையும் தட்டுக. மிளகு, சீரகம், சோம்பு மூன்றையும் அம்மியிலோ உரலிலோ கொரகொரப்பாகப் பொடிக்க.

5. சட்டியில் எஞ்சிய எண்ணெயைக் காய்ச்சிக் கறிவேப்பிலை, வெங்காயம், மிளகாய், இஞ்சி, பூண்டு இவற்றை வதக்குக. தக்காளி சேர்த்துக் குழைந்ததும் பொடியை இடுக. வடித்த சாற்றில் அரைக்குவளை ஊற்றி எண்ணெய் பிரியும் வரை சுண்ட வைக்க. மசாலை முழுவதும் இப்பொழுதே வெந்து முடிய வேண்டும். இறாலை இட்டபின் மசாலை வேகட்டும் என்று காத்திருந்தால் இறால் கெட்டிப்பட்டுவிடும்.

6. சோறு பக்குவமாகி, தட்டுகளும் வைத்தான பின், தீயைக் கூட்டி இறாலைச் சட்டியில் பரப்புக. ஒரு பக்கம் சிவந்ததும் பிரட்டுக. பிறை வடிவம் வந்தவுடன் அடுப்பை அணைத்துச் சட்டியை இறக்குக. சட்டியின் சூட்டிலேயே எஞ்சியது வெந்துவிடும். எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பரிமாறுக.

உடன் உண்ண, நறுக்கிய வெள்ளரிக்காய் போதும். அதற்கு அடுப்பும் வேண்டுவதில்லை. மீதமுள்ள ஓட்டுச் சாற்றில் சிறிது புளியும் மிளகும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் மழைநாளுக்கேற்ற இரசம் ஆகும். பினாங்கின் புகழ்பெற்ற ‘ஹொக்கியன் மீ’யின் சாறும் இறால் தலை, ஓடு இவற்றிலிருந்தே சுவை பெறுகின்றது. எறியப்படும் பொருளில்தான் பெருஞ்சுவை ஒளிந்துள்ளது.

எச்சரிக்கை

இறால் சிலருடைய உடலுக்கு ஒவ்வாது. உண்ட சிறிது நேரத்தில் உதடு வீங்குதல், உடலெங்கும் அரிப்பு, மூச்சுத் திணறல் முதலியன தோன்றினால் கைவைத்தியம் பார்த்துக் காலம் தாழ்த்தலாகாது. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் சமைப்பதால் அழிவதில்லை. ஆகவே, ‘நன்றாக வேகவைத்துக் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்’ என்பது உயிருக்கே ஆபத்தாகலாம். இரசத்திலும் பெலாச்சானிலும்கூட அது உண்டு. விருந்தினர் வீட்டில் உண்ணும்போது தம் ஒவ்வாமையைக் கூச்சமின்றிக் கூறப் பிள்ளைகளைப் பழக்குதல் பெற்றோர் கடமை.

பச்சை இறாலைத் தொட்ட கையையும் கத்தியையும் பலகையையும் சவர்க்காரம் இட்டுக் கழுவிய பின்னரே வெள்ளரிக்காயை நறுக்க வேண்டும். அடுப்பின் அருகில் சிறுவர் தனித்து நிற்றல் கூடாது.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! முன்னே செய்ய வேண்டியதை முன்னே செய்து, நேரம் அறிந்து இறக்குபவருக்கு இறால் நல்ல உணவாகின்றது. எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிட்டால் இறுதி மூன்று நிமிடம் எளிதாகும். பெற்றோர் இருவரும் களைத்து வரும் நாளில், அரிசி களைந்து, வெங்காயம் உரித்து வைக்கும் பிள்ளை, அவர்களுக்கு அரைமணி நேர ஓய்வைப் பரிசாகத் தருகின்றது. சூடான சோற்றின்முன் குடும்பம் முழுவதும் ஒன்றாக அமரும் அவ்வேளையே அவ்வுழைப்பின் பயன்.

பயிற்சி

1. இறால் விரைவில் கெடுவதற்கு அதன் தலை எவ்வாறு காரணமாகின்றது?
2. சமைத்த இறால் சிவப்பது ஏன்?
3. ‘பிறை’, ‘மோதிரம்’ என்னும் வடிவங்கள் எதனை உணர்த்துகின்றன?
4. சோற்றை முதலிலும் இறாலைக் கடைசியிலும் சமைப்பதன் காரணம் யாது?
5. ஒவ்வாமையின் அறிகுறிகள் மூன்றினை எழுதுக.

செயல்: பெற்றோருடன் சந்தைக்குச் சென்று, கண், மூக்கு, கை ஆகியவற்றால் இறாலைத் தேர்ந்த முறையைப் பத்து வரிகளில் எழுதி வருக.