நல்வாழ்க்கையும் மூணாற்றுத் தொழிற்கூடமும்

எண்வகை வழியுள் ஐந்தாவதாகிய நல்வாழ்க்கையைப் பயிலும்போது, படைக்கலம், உயிர், ஊன், மது, நஞ்சு என்னும் ஐவகை வாணிகத்தை விலக்குவதோடு நாம் நின்றுவிடுகிறோம். எத்தொழிலுக்கும் அழைக்கப்படாதவன் எதை விலக்குவான்?

காந்தலூரிலிருந்து மறையூருக்கு இறங்கி, மீண்டும் மலையேறினால் மூணாறு. அங்குள்ள தேயிலைத் தொழிலாளருட் பெரும்பாலோரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். லயத்து வீடு வேலையிலிருப்போர்க்கே உரியது. கொழுந்து கிள்ள இயலாத பிள்ளையுடைய தாய், தான் ஓய்வு பெறும் நாளை அஞ்சியே எண்ணுவாள்.

இத்தகைய பிள்ளைகளுக்காக டாட்டா தேயிலை நிறுவனம் 1991இல் ‘சிருஷ்டி’யைத் தொடங்கிற்று. அதன் கூடங்களில் கையால் காகிதம் செய்கின்றனர், ரொட்டி சுடுகின்றனர், ஸ்ட்ராபெரிப் பழத்தைப் பாகாக்குகின்றனர். ‘அரண்யா’ என்னும் சாயக்கூடமே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. தேயிலைக் கழிவு, யூகலிப்டஸ் இலை முதலியவற்றினின்று சாயம் எடுக்கின்றனர். துணியை மடித்து நூலால் இறுகக் கட்டித் தோய்த்தால், கட்டிய இடம் சாயம் ஏற்பதில்லை. ஆதலின் இரு துணிகள் முற்றும் ஒத்திரா. கை சற்றே பிசகினும் அது பழுதாகாது, கோலமாகும். இவர்களுக்கு இத்தொழிலைத் தெரிந்தெடுத்தது அறிவுடைமை.

துணி விலைக்குப் போகிறது. கூலி வீட்டுக்கு வருகிறது. இதைத் தானம் என்று எழுத நாம் உடன்படோம். வேலை போனால் வீடும் போகும் என்ற தோட்ட வழக்கம் மட்டும் இதனால் மாறிவிடவில்லை.