வேகம் தண்டவாளத்தில் இல்லை: டிஜிட்டல் மாதிரி ரயில்கள் குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

திண்டுக்கல் ஜங்ஷனில் மதுரைப் பக்கம் புறப்படும் எக்ஸ்பிரஸும், ஓரத்து லைனில் சிக்னலுக்காகக் காத்திருக்கும் சரக்கு வண்டியும் தலைக்கு மேலே போகும் ஒரே மாதிரிக் கம்பியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. 25,000 வோல்ட். வண்டி ஓடினாலும் நின்றாலும் அது கம்பியில் இருந்துகொண்டேயிருக்கும். அதில் எவ்வளவு எடுப்பது, எந்தத் திசையில் போவது என்பதையெல்லாம் என்ஜினுக்குள் உட்கார்ந்திருக்கும் லோகோ பைலட் தீர்மானிக்கிறார்.

வீட்டு மேசையில் ஓடும் டிஜிட்டல் மாதிரி ரயிலும் இதே முறையில்தான் ஓடுகிறது. தண்டவாளத்தில் முழு மின்சாரம் எப்போதும் இருக்கும். என்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு சர்க்யூட் லோகோ பைலட்டின் வேலையைச் செய்யும். இந்த ஒன்று மனதில் பதியாததால்தான் நன்றாக இருக்கும் டிகோடர்களை வீணாகக் கழற்றி எறிகிறோம், ஓடக்கூடிய என்ஜின்களைப் பரணில் ஏற்றுகிறோம். ரயில் மீது ஆசை வைத்து, சேமிப்பைப் போட்டு வாங்கிய ஒருவர் மூன்றாவது மாதமே மனம் சலித்து ஒதுங்குவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவருக்காகவே இந்தப் பத்தி.

“குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் மின்சாரம் கூடும்”

பழைய டிசி கண்ட்ரோலருக்கு இது பொருந்தும். திருகத் திருக வோல்ட் 0-விலிருந்து 12 வரை ஏறும். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் வண்டி பின்னால் போகும். ஒரே பாதையில் இரண்டு என்ஜின் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும்.

டிசிசி எனப்படும் டிஜிட்டல் முறை வேறு. ஜெர்மனியில் கீசன் நகரத்து லென்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990களில் இதைப் பொதுத்தரமாக்கியது. அதனால்தான் ஒரு கம்பெனியின் டிகோடர் இன்னொரு கம்பெனியின் கண்ட்ரோலருக்குக் கட்டுப்படுகிறது. ஹெச்ஓ எனப்படும் 87-இல் ஒரு பங்கு அளவுப் பாதைகளில் ஏறத்தாழ 15 வோல்ட் நிரந்தரமாக இருக்கும். அதன் துருவம் நொடிக்குப் பல ஆயிரம் முறை முன்னும் பின்னும் மாறும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்பதில் செய்தி இருக்கிறது: பாதி அலை 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 1, 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0. இந்த ஒன்றும் சுழியும் கோத்துத்தான் “3-ஆம் எண் என்ஜின், முன்பக்கம், 12-ஆம் படி வேகம்” என்ற கட்டளை போகிறது. எண் தன்னுடையதாக இருந்தால் டிகோடர் கீழ்ப்படியும். மற்ற என்ஜின்கள் அசையாது.

இதிலிருந்து சில விஷயங்கள் தாமாகவே புரியும். தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு வயரை மாற்றிப் போட்டால் வண்டியின் திசை மாறாது. டிகோடர் இல்லாத பழைய என்ஜினை இந்தப் பாதையில் நிறுத்தி வைத்தால், அது நகராமல் ரீங்காரமிட்டபடி சூடாகும்; கோர்லெஸ் மோட்டார் என்றால் சீக்கிரமே கருகிவிடும். மலிவான மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டையும் அப்படியே நம்பக் கூடாது. அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. இங்கே ஓடுவதோ 5,000 முதல் 8,600 ஹெர்ட்ஸ் வரை. பாதையின் ஓரிடத்தில் காட்டும் அளவை இன்னோரிடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது போதும், அவ்வளவுதான்.

“டிஜிட்டலுக்கு இரண்டே வயர் போதும்”

பெட்டியோடு வரும் சின்ன வட்டப் பாதைக்குப் போதும். அறையைச் சுற்றிப் பாதை போட்டவருக்கு இந்த வாசகத்தைப் போலக் கெடுதல் செய்தது வேறில்லை.

தண்டவாளம் நிக்கல் சில்வரால் ஆனது. அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். செம்பைவிட அதன் மின்தடை சுமார் 15 மடங்கு. போதாததற்கு ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு சேரும் இடத்தில் ஃபிஷ்பிளேட் என்ற சின்னத் தகடு. ஆறு மாதத்தில் அதன் உள்பக்கம் கறுத்து, மின்சாரம் தயங்கித் தயங்கிப் போகும். நம் ஊர் மாடி அறைகளில் இது இன்னும் மோசம். சித்திரை வெயிலில் காங்கிரீட் தளத்துக்குக் கீழே பகலுக்கும் இரவுக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கும். 20 டிகிரி ஏறினால் மூன்று மீட்டர் தண்டவாளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். தினமும் நீண்டு சுருங்கினால் இணைப்புத் தகட்டின் பிடி தளராமல் என்ன செய்யும்? கீழே இருக்கும் பிளைவுட்டும் ஐப்பசி ஈரத்தில் தன் பங்குக்கு அசையும்.

செய்ய வேண்டியது இது. மேசைக்கு அடியில் சிவப்பும் கறுப்புமாக 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இரண்டைப் பாதையின் நீளத்துக்கும் இழுங்கள். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் அதே வயர்தான். எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். அதிலிருந்து ஒரு மீட்டருக்கு ஒரு முறை மெல்லிய கிளை வயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர் செய்துவிடுங்கள். ஃபிஷ்பிளேட்டை மின்சாரத்துக்கு நம்பாதீர்கள். பாதையை நேராகப் பிடிக்க மட்டும் அது இருக்கட்டும்.

பிறகு காசுச் சோதனை. கண்ட்ரோலரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இடத்தில் தொடங்கி, பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். கண்ட்ரோலர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அந்த இடத்துக்கு வரும் வயரிங் பலவீனமாக இருக்கிறது. இது சாதாரண விஷயம் இல்லை. 5 ஆம்பியர், 15 வோல்ட் என்றால் 75 வாட் சூடு. ஒரு சக்கரம் பாயிண்டில் தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது, ட்ரிப் ஆகாத கண்ட்ரோலர் அத்தனை சூட்டையும் அந்தச் சின்ன போகிக்குள் கொட்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். “ஷார்ட் ஆனால் என்ன, கண்ட்ரோலர்தான் பார்த்துக்கொள்ளுமே” என்பதும் இதனால்தான் பாதி உண்மை. காசுச் சோதனையில் எல்லா இடமும் தேறிய பாதையில் மட்டுமே கண்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்.

“தண்டவாளம் கறுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம்”

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். அரமும் உப்புத்தாளும் பல வீடுகளில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். தயவுசெய்து அவற்றைத் தண்டவாளத்திடம் கொண்டுபோகாதீர்கள். உப்புத்தாள் போடும் ஒவ்வொரு கீறலும் ஒரு பள்ளம். அதில் அழுக்கு தங்கும். அதன் விளிம்பில் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத தீப்பொறி பறக்கும். பொறி பட்ட உலோகம் கறுக்கும். தேய்த்த அடுத்த வாரம் முன்னைவிட வேகமாகக் கறுப்பது இதனால்தான்.

கறையைக் கரைத்து எடுக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால், நூல் பிரியாத துணி, கொஞ்சம் பொறுமை. சுத்தம் செய்த பின் பெயின்ட் கடையில் விற்கும் மினரல் டர்பென்டைனால் மெல்லத் துடைத்து, மீதியை ஒற்றி எடுப்பது நல்லது. கறை மறுபடி படிவது தள்ளிப்போகும். இரண்டும் தீப்பற்றக்கூடியவை. மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரங்களை விட்டால் செய்த வேலை வீண். அழுக்கின் பெரும்பகுதி சக்கரத்தில்தான் இருக்கிறது.

நூற்பாலைகளும் தறிகளும் நிறைந்த வட்டாரம் நம்முடையது. வேடசந்தூர் சாலையிலோ சின்னாளபட்டியிலோ வீடு என்றால் காற்றில் வரும் பஞ்சுத் தூசு அச்சுகளில் சுற்றிக்கொள்ளும். ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் மண்ணும் சேரும். ஓட்டாத நேரத்தில் பாதையின் மேல் பழைய வேட்டியை விரிக்காதீர்கள். அதுவே நூல் உதிர்க்கும். மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு போதும். என்ஜின் அச்சில் சுற்றிய பஞ்சை இழுக்காமல் வெட்டி, இடுக்கியால் எடுங்கள்.

“என்ஜின் அசையவில்லை, டிகோடர் போய்விட்டது”

டிகோடர் போவது உண்டு. ஆனால் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது.

முதலில் மின்சாரம் சேருகிறதா என்று பாருங்கள். கட்டளையைக் கண்ட்ரோலர் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு தவறினாலும் டிகோடர் முந்தைய கட்டளைப்படி ஓடும். மின்சாரம் அறுந்தால்தான் நிற்கும். என்ஜினை விரலால் லேசாக அழுத்தும்போது ஓடினால் குற்றம் சக்கரத்திலோ பாதையிலோ இருக்கிறது.

அடுத்து எண். புது டிகோடர் 3-ஆம் எண்ணோடு வரும். மாற்றிவிட்டு மறந்தவர்கள் ஏராளம். டிகோடர் தன் நினைவில் வைத்திருக்கும் அமைப்பு மதிப்புகளுக்கு சிவி என்று பெயர். எண்ணைவிடக் குழப்புவது சிவி 19. இரண்டு என்ஜினை ஜோடியாகக் கட்டி ஓட்டும்போது அந்த ஜோடியின் எண் இதில் எழுதப்படும். கழற்றிய பிறகு இதைச் சுழியாக்காவிட்டால், என்ஜின் தன் சொந்த எண்ணுக்கு அசையவே அசையாது. விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. செத்ததாக முடிவு கட்டப்பட்ட எத்தனையோ டிகோடர்கள் இந்த ஓர் எண்ணால் உயிர் பெற்றிருக்கும். எதுவும் பிடிபடாவிட்டால், பல டிகோடர்களில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். கம்பெனியின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கண்ட்ரோலர் “டிகோடர் இல்லை” என்று காட்டுவதாலும் அது இல்லை என்று ஆகிவிடாது. சிவிகளைப் படிக்கவும் எழுதவும் பயன்படும் தனிப் பாதையான புரோகிராமிங் பாதையில் டிகோடருக்குப் பதில் பேசத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: மோட்டாரை ஒரு கணம் உதறி, சுமார் 6 மில்லி நொடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். சிவி படிக்கும்போது என்ஜின் துடிப்பது அதுதான். சக்கரம் அழுக்காக இருந்தாலோ, மோட்டார் வயர் கழன்றிருந்தாலோ அந்தப் பதில் போய்ச் சேராது.

மின்வெட்டு பழகிய நமக்கு ஒரு முக்கியமான குறிப்பு. மின்சாரம் போய்த் திரும்பும்போது ஏதாவது ஓர் என்ஜின் முழு வேகத்தில் பாய்ந்து மேசை விளிம்பு வரை போனால், பேய் பிடித்ததாக எண்ண வேண்டாம். டிஜிட்டல் செய்தி வருவதற்குள், இது பழைய டிசி பாதை என்று டிகோடர் முடிவு செய்துவிட்டது. சிவி 29-இல் பொதுவாக 6 இருக்கும். அதில் டிசி அனுமதியின் மதிப்பு 4. அதைக் கழித்து 2 என்று எழுதுங்கள். நீண்ட எண் வைத்திருந்தால் 38-ஐ 34 ஆக்குங்கள். இதைச் செய்யாத ஒரு விலையுயர்ந்த என்ஜின்கூட நம் ஊர் வீட்டில் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

“16.5 மில்லிமீட்டர் பாதை நம் அகலப் பாதையின் சிற்றுரு”

இல்லை. ஹெச்ஓ என்பது 87-இல் ஒரு பங்கு. 16.5 மில்லிமீட்டர் ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு உரியது. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர்; 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கும் சற்று மேலே வரும். அதனால் ஹெச்ஓ பாதையில் நிற்கும் நம் என்ஜினின் மாதிரி இடுப்பு ஒடுங்கித் தெரியும். பெரும்பாலோர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் பழைய திண்டுக்கல்லை மேசையில் கட்ட நினைப்பவருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போட்ட பாதை மீட்டர் கேஜ். 1990களின் இறுதி வரை அப்படியேதான் இருந்தது. பழனி, பொள்ளாச்சிப் பக்கம் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் மீட்டர் கேஜ் ஓடியது. 1,000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காக ஐரோப்பாவில் 12 மில்லிமீட்டர் பாதை விற்கிறார்கள். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அகல ரயிலைவிட நம் பழைய மீட்டர் கேஜ் வண்டியைத்தான் அளவு அதிகம் பிசகாமல் வீட்டில் ஓட்ட முடியும்.

“இது வெளிநாட்டுப் பணக்காரர் பொழுதுபோக்கு”

புனேயில் பி.எஸ். ஜோஷி ஆயுள் முழுக்க உழைத்துக் கட்டிய மாதிரி ரயில் நகரம் 1998-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டு இன்றும் ஓடுகிறது. போய்ப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

விலை ஒரு தடை என்பதை மறுக்கவில்லை. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்ந்தது. 2023-இல் 70 ஆனது. என்ஜினும் பெட்டியும் வாங்குவதில் அந்தச் சுமை தெரியும். தண்டவாளத்துக்குக் கட்டளைகளை அனுப்பும் கட்டளை நிலையத்துக்கு அந்தச் சுமையைத் தாங்கத் தேவையில்லை. டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளை ஆர்டுயினோ மெகா போர்டில் ஏற்றி, மேலே ஒரு மோட்டார் ஷீல்டு பொருத்தினால் முழுமையான டிசிசி நிலையம் தயார். இரண்டும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். மென்பொருளுக்குக் காசில்லை. ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருள் கணினியில் சிவிகளைப் படிக்கவும் சேமிக்கவும் உதவும். கைபேசியையே கண்ட்ரோலராக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கவனம் மட்டும் வேண்டும். அந்த ஷீல்டை வாங்கியபடியே பொருத்தக் கூடாது. தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரம் ஆர்டுயினோவுக்குள் ஏறாதபடி, ஷீல்டின் அடியில் உள்ள விஐஎன் இணைப்பைத் துண்டித்து, போர்டுக்கும் பாதைக்கும் தனித்தனி அடாப்டர் கொடுக்க வேண்டும். எல்298 சில்லு உள்ள ஷீல்டு ஒரு பக்கத்துக்கு 2 ஆம்பியர் தரும். ஒரு பக்கம் ஓடும் பாதைக்கு, மறுபக்கம் புரோகிராமிங் பாதைக்கு. இக்காலத்து ஹெச்ஓ என்ஜின் ஒன்று அரை ஆம்பியருக்குள் இழுப்பதால் மூன்று என்ஜின்கள் தாராளமாக ஓடும். அதற்கு மேல் சேர்ப்பதானால் பெரிய மோட்டார் டிரைவர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும், வாங்கிப் பொருத்தியதும் காசுச் சோதனையை முதல் இடத்திலிருந்து மறுபடி செய்துவிடுங்கள்.